கால்மேல் ஏறிப் பிராண்டும் பூனைக்குட்டி: உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள்?

மிளகு வீடு:

எங்கள் மிளகுக்கு இப்போது நான்கு மாதம். வந்தபோது ஐந்து வாரக் குட்டி. தாய் எங்கே போனதென்று தெரியவில்லை, மழையில் நனைந்தபடி தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விரலை ஆட்டினால் பிடிக்க ஓடி வரும், பல் படும், ஆனால் வலிக்காது. வீட்டில் எல்லோரும் அந்த விளையாட்டைத்தான் நாள் முழுக்க விளையாடினோம்.

இப்போது கூடத்தில் நடந்தால் கதவுக்குப் பின்னாலிருந்து பாய்ந்து கெண்டைக்காலைக் கட்டிக்கொள்கிறது. சமையலறையில் நின்றால் மரம் ஏறுவதுபோலக் கால்வழியே ஏறுகிறது. எனக்கென்றால் பொறுத்துக்கொள்வேன். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. தோல் மெலிந்துவிட்டது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் எடுக்கிறார். போன வாரம் பட்ட ஒரு கீறலில் ரத்தம் நிற்கவே வெகுநேரம் ஆனது. நான் பயந்துவிட்டேன்.

அதட்டினால் இன்னும் வேகமாக வருகிறது. தண்ணீர் தெளித்துப் பார்த்தோம். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் கட்டிலுக்கடியில் போய் ஒளிகிறது, ஆனால் அம்மாவின் காலில் பாய்வதை மட்டும் விடவில்லை. யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. "அது பச்சைக்குழந்தை, அதுக்கு என்னடா தெரியும்" என்று அம்மாதான் தடுத்தார். இதைக் கடந்து வந்தவர்கள் உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்.


பஞ்சு வீடு:

உங்கள் பதிவைப் படித்தபோது மூன்று வருடத்துக்கு முந்தைய எங்கள் வீடு அப்படியே கண்முன் வந்தது. முதலில் ஒன்று: மிளகுக்கு உங்கள் மேல் கோபமில்லை. காதைப் பின்னால் மடக்கி, சீறி, உறுமிக்கொண்டு வந்தால் அது பயம் அல்லது கோபம். பின்பகுதியை அசைத்து, கண்மணி பெரிதாகி, சத்தமே போடாமல் பாய்ந்தால் அது வேட்டை விளையாட்டு. நீங்கள் சொல்வது இரண்டாவது வகை.

எங்கள் பஞ்சும் ஒரு மாதத்திலேயே தாயைப் பிரிந்தவள். கூடப் பிறந்த குட்டிகளோடு புரண்டு விளையாடும்போதுதான் எவ்வளவு கடித்தால் மற்றவருக்கு வலிக்கும் என்பதைப் பூனைக்குட்டி கற்றுக்கொள்கிறது. பலமாகக் கடித்தால் அடுத்த குட்டி கத்திவிட்டு விளையாட்டை முடித்துக்கொண்டு போய்விடும், அதுதான் பாடம். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தினர் 2017இல் கிட்டத்தட்ட 6,000 பூனைகளின் தகவல்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். எட்டு வாரத்துக்கு முன்பே தாய்ப்பாலிலிருந்து பிரிந்த பூனைகளிடம் ஆக்ரோஷம் கூடுதலாக இருந்தது என்பது அதன் முடிவு. பஞ்சு தானாக இப்படி ஆகவில்லை, அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பது அதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அந்தப் பாடத்தை நாங்கள் எடுக்க வேண்டியிருந்தது. கையைக் கவ்வினால் நாம் வெடுக்கென்று இழுப்போம். அதைத்தான் செய்யக்கூடாது. தப்பி ஓடும் எலியும் அப்படித்தான் இழுக்கும், பிடி இன்னும் இறுகும், வளைந்த நகம் ஆழமாகக் கிழிக்கும். கையை அசைக்காமல் தளர விட்டுவிடுங்கள். விடாவிட்டால் பூனையின் பக்கமாகவே மெதுவாகத் தள்ளுங்கள், வாய் தளரும். விட்டதும் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்துங்கள். ஒரு நிமிடம் போதும். அப்புறம் ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பி வாருங்கள். முதல் நாள் நான் பதினேழு முறை அப்படி எழுந்து போனேன்.

தண்ணீர் தெளிப்பதை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். பாயக்கூடாது என்று அது கற்றுக்கொள்ளாது. நீங்கள் ஆபத்தானவர் என்று மட்டும் கற்றுக்கொள்ளும். அடிப்பதும் பிடரியைப் பிடித்துத் தூக்கி அதட்டுவதும் அப்படித்தான்.


தாயில்லாக் குட்டிகளை வளர்த்துக் கொடுப்பவள்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அது பாதிதான். கையும் காலும் இரை இல்லை என்று சொல்லிவிட்டால், எதுதான் இரை என்று நாம் காட்ட வேண்டாமா? வேட்டையாடும் வேகம் அதன் உடம்பிலேயே இருக்கிறது. அதை அடக்க முடியாது, வேறு பக்கம் திருப்பத்தான் முடியும்.

என்னிடம் வந்த குட்டிகளில் மிக மோசமாகப் பாய்ந்தது ஒரு கறுப்புக் குட்டி. தோளில் ஏறிக் காதைக் கடிக்கும். எந்தெந்த நேரத்தில் பாய்கிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்தேன். பெரும்பாலும் விடியலிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான். பூனைகளுக்கு அந்த இரண்டு வேளையும்தான் உடம்பு விழித்துக்கொள்ளும் நேரம். நான் வேலை முடிந்து களைத்து வந்து உட்கார்வதும் சரியாக அந்த நேரத்தில்.

அந்த நேரத்துக்குச் சற்று முன்னால் நானே விளையாட்டைத் தொடங்கிவிட்டேன். நீளமான குச்சி, அதில் கயிறு, நுனியில் இறகு. கைக்கும் பூனைக்கும் நடுவே ஓர் ஆள் நீளமாவது இருக்க வேண்டும். பூனையின் முகத்துக்கு நேரே ஆட்டிக்கொண்டே இருந்தால் பயனில்லை, எந்த இரையும் வேட்டைக்காரனை நோக்கி ஓடி வராது. இறகு தரையோடு ஊர்ந்து, நின்று, நாற்காலிக்குப் பின்னால் மறைய வேண்டும். அந்த மறையும் நொடியில்தான் அது பதுங்கும். பாயட்டும், இரண்டு மூன்று முறை உண்மையாகவே பிடிக்கட்டும். பத்து நிமிடத்தில் வேகத்தைக் குறைத்து, இரை செத்துப்போனதுபோல இறகைக் கிடக்கவிட்டு, உடனே சாப்பாடு வையுங்கள். பதுங்கி, பாய்ந்து, பிடித்து, தின்று, நக்கிச் சுத்தம் செய்து, தூங்கும். பூனையின் நாள் அந்த வரிசையில்தான் போகிறது. நடுவில் எங்காவது அறுந்தால் மிச்ச வேகம் நம் காலுக்குத்தான் வரும்.

வெளியே போய் வேட்டையாடும் பூனைகளை வைத்து எக்ஸிடர் பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வு 2021இல் வந்தது. தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் விளையாடிய வீடுகளில், பூனை கொண்டுவரும் இரை கால் பங்கு குறைந்திருந்தது. மனிதர்மேல் பாய்வதைப் பற்றிய ஆய்வு இல்லைதான். இருந்தாலும் ஐந்து நிமிடத்துக்கு எவ்வளவு பலன் இருக்கிறது என்று எனக்கு நம்பிக்கை தந்தது அது.

இரண்டு எச்சரிக்கை. விளையாடி முடித்ததும் அந்தக் கயிற்றை அலமாரிக்குள் வைத்துப் பூட்டுங்கள். நூலோ நாடாவோ விழுங்கினால் குடல் சுருண்டு அறுவை சிகிச்சை வரை போகும். நான் ஒரு குட்டியை அப்படி இழந்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இரண்டாவது, லேசர் வெளிச்சம். அதைப் பிடிக்கவே முடியாது என்பதால் ஏமாற்றத்தோடு முடிகிறது. பயன்படுத்தினால் கடைசியில் வெளிச்சத்தை ஒரு தீனித்துண்டின் மேல் கொண்டுபோய் நிறுத்துங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.


இரட்டைக் குட்டி வீடு:

நகம் பற்றி யாரும் சொல்லவில்லையே. முன்கால்களில் ஐந்தைந்து, பின்கால்களில் நான்கு நான்கு, மொத்தம் பதினெட்டு. ஊசிபோன்ற நுனியை மட்டும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்டினாலே பாதிக் காயம் குறையும். நகத்துக்குள் தெரியும் இளஞ்சிவப்புப் பகுதியில் ரத்தமும் நரம்பும் உண்டு, அதைத் தொடாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது ஒரு நாளைக்கு இரண்டு நகம் என்று தொடங்குங்கள். முதல் சில நாள் வெட்டாமல் பாதத்தை அழுத்திப் பார்த்துவிட்டு ஒரு தீனி கொடுத்தாலே போதும். சணல் சுற்றிய ஒரு தூணும் வையுங்கள். பூனை முழு உடம்பையும் நீட்டிப் பிராண்டும் உயரம் வேண்டும், ஆடக்கூடாது. ஆடினால் பயந்து மறுபடி தொடாது.

நகத்தையே எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அது நகம் வெட்டுவது இல்லை, ஒவ்வொரு விரலிலும் கடைசி எலும்பைத் துண்டிப்பது. பல நாடுகளில் சட்டமே தடுக்கிறது. நியூயார்க் மாநிலம் 2019இல் தடை செய்தது.


இரண்டு குழந்தைகளின் அம்மா:

எங்கள் வீட்டில் பாய்ந்தது குட்டி, ஆனால் தொடங்கி வைத்தது குழந்தைகள். ஓடினால் துரத்துகிறது என்பதே அவர்களுக்கு விளையாட்டு. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் "மரமாகிவிடு" என்று ஒரு விளையாட்டு கண்டுபிடித்தோம். குட்டி பாய வந்தால் கையை மார்போடு கட்டிக்கொண்டு மரம்போல நிற்க வேண்டும், கத்தக்கூடாது. ஐந்து வயது மகன்தான் அதில் கெட்டிக்காரன். அசையாத மரம் குட்டிக்குச் சலித்துவிடும்.

காயத்தைச் சாதாரணமாக விடாதீர்கள். மகளுக்கு ஒரு கீறல் பட்டு, ஒரு வாரத்துக்குப் பிறகு அங்கே சின்னக் கொப்புளம், அப்புறம் அக்குளில் நெறி கட்டி, காய்ச்சல். முதலில் பார்த்த மருத்துவரிடம் பூனை கீறியதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இரண்டாவது முறை சொன்ன பிறகுதான் அது பூனைக் கீறல் நோய் என்று தெரிந்தது. பார்டொனெல்லா என்ற பாக்டீரியா காரணம். பூனைகளுக்குள் அதைப் பரப்புவது தெள்ளுப்பூச்சி, தெள்ளின் கழிவு நகத்தில் ஒட்டியிருந்து கீறும்போது நமக்குள் போகிறது. குட்டிகளிடம்தான் அதிகம். ஆகவே தெள்ளுக்கு மருந்து போடுவதும் இந்தப் பிரச்சினையில் ஒரு பகுதிதான். வெறிநோய்த் தடுப்பூசியையும் தள்ளிப்போடாதீர்கள். கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். உங்கள் அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பதால் அவருக்கு இன்னும் கவனம் வேண்டும்.


சாம்பல் பூனை வீடு:

இன்னொரு குட்டி வளர்த்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். ஒரே வயதில் இரண்டு குட்டிகள் என்றால் உண்மைதான், ஒன்றையொன்று கடித்துக் கற்றுக்கொள்ளும். எங்கள் வீட்டில் பன்னிரண்டு வயதுப் பூனைக்குத் துணையாக ஒரு குட்டியைக் கொண்டுவந்தோம். கிழவிக்கு மூட்டுவலி, குட்டியோ ஓயாமல் அவள்மேல் பாய்ந்தது. மூன்று மாதம் இரண்டையும் தனித்தனி அறையில் வைக்க வேண்டியிருந்தது. மிளகைச் சமாளிப்பதற்காக மட்டும் இன்னோர் உயிரைக் கொண்டுவராதீர்கள்.


மிளகு வீடு:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். ஒவ்வொரு பதிலையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

முதல் வாரம் நிலைமை இன்னும் மோசமானது, அதை மறைக்க விரும்பவில்லை. வழக்கமாகக் கிடைத்துவந்த விளையாட்டு நின்றதும், இன்னும் கொஞ்சம் பலமாகக் கேட்டால் கிடைக்கும் என்று நினைத்ததோ என்னவோ, பாய்ச்சல் கூடியது. அந்த நாட்களில் அம்மா தடித்த காலுறையும் நீளமான கால்சட்டையும் போட்டுக்கொண்டார். இரண்டாவது வாரக் கடைசியில்தான் குறையத் தொடங்கியது.

மிகப் பெரிய மாற்றம் அம்மாவின் கையில் குச்சி போன பிறகுதான் வந்தது. அவருக்கு ஓட முடியாது, ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறகை ஊர விடுகிறார். விடியற்காலையில் என்னைவிட முன்னால் எழுந்துகொள்பவர் அவர்தான், மிளகு விழிப்பதும் அப்போதுதான். பத்து நிமிடம் விளையாட்டு, அப்புறம் சாப்பாடு. அவர் காலில் பாய்ந்து கடைசியாக ரத்தம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது.

நடுவில் ஒரு சறுக்கல். விருந்தினராக வந்த உறவுக்காரப் பையன் இரண்டு நாள் வெறுங்கையால் சீண்டி விளையாடிவிட்டான், மூன்றாவது நாளே மிளகு பழையபடி கையைக் கவ்வியது. அதிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் வாசலிலேயே சொல்லி, கையில் குச்சியைக் கொடுத்துவிடுகிறோம். சமையலறையில் கால் ஏறுவது மட்டும் இன்னும் முழுதாக நிற்கவில்லை. மேடைக்குப் பக்கத்தில் ஓர் உயரமான முக்காலி வைத்திருக்கிறோம். அதன்மேல் உட்கார்ந்தால் தீனி, காலில் தொங்கினால் நான் அசையாமல் நின்றுவிடுகிறேன். பத்துக்கு ஏழு முறை முக்காலிக்குப் போகிறது.

தெள்ளு மருந்தும் தடுப்பூசியும் போட்டாகிவிட்டது. இன்று மத்தியானம் அம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தபோது வலது முன்பாதத்தில் மூன்று நகம் வெட்டினேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது, மறுபடி தூங்கிவிட்டது. நாளைக்கு இடது பாதம்.