கிறிஸ் ஸ்டேபிள்டன் 37 வயது வரை எங்கே இருந்தார்?

பழைய_கேசட்:
கொஞ்ச நாளாக அமெரிக்க கன்ட்ரி (அந்த நாட்டுக் கிராமிய பாணி இசை) பாடகர் கிறிஸ் ஸ்டேபிள்டன் பைத்தியம் பிடித்து ஆட்டுகிறது. ‘டென்னசி விஸ்கி’யில் ஆரம்பித்து ‘டிராவலர்’ ஆல்பம் முழுக்கக் கேட்டு முடித்துவிட்டு, யார் இந்த மனிதர் என்று தேடினால், அந்த முதல் ஆல்பம் வந்தது 2015 மே மாதம், அப்போது அவருக்கு வயது 37. கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் குடியேறியதோ 2001-இல். நடுவில் 14 வருஷம் இந்தக் குரலை வைத்துக்கொண்டு என்னதான் செய்துகொண்டிருந்தார்? கம்பெனிக்காரர்கள் யாருக்கும் காது கேட்கவில்லையா? இல்லை, ஒரு விருது விழாவில் பாப் பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக்கோடு மேடையேறிய அந்த ஒரு ராத்திரிதான் எல்லாமா?

ஆறுகம்பி:
சும்மா இருக்கவில்லை நண்பரே, பாட்டு எழுதும் வேலையில் இருந்தார். வேலை என்றால் நிஜமாகவே வேலை. கிழக்குக் கென்டக்கியில் ஜான்சன் கவுன்ட்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), ஸ்டாஃபர்ட்ஸ்வில் என்ற சின்ன ஊர், அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். (பழைய கன்ட்ரி பாடகி லொரெட்டா லின்னும் அதே கவுன்ட்டிதான், அந்த வழியாகப் போகிற 23-ஆம் நெடுஞ்சாலைக்கே கன்ட்ரி மியூசிக் ஹைவே என்று பெயர்.) 1996-இல் நாஷ்வில்லில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் சேர்ந்து பாதியில் விட்டுவிட்டார். 2001-இல் மறுபடி நாஷ்வில்லுக்கு வந்த சில நாட்களிலேயே சீ கேல் என்ற பாட்டு பப்ளிஷிங் கம்பெனி (எழுதுபவர்களின் பாட்டைப் பாடகர்களிடம் சேர்ப்பவர்கள்) அவரை ஒப்பந்தம் செய்துகொண்டது.

அந்த ஊரில் இந்தத் தொழில் நடக்கிற விதமே தனி. பப்ளிஷர் மாதாமாதம் ஒரு தொகை கொடுப்பார், ஆனால் அது சம்பளம் இல்லை, வரப்போகிற ராயல்டியில் கழித்துக்கொள்ளும் முன்பணம். காலையில் ஒரு அறையில் இரண்டு மூன்று பேர் கிட்டாரோடு உட்கார்ந்து, சாயங்காலத்துக்குள் ஒரு பாட்டை முடித்து, டெமோ (மாதிரிப் பதிவு) செய்து, பெரிய பாடகர்களுக்கு அனுப்பிவிட வேண்டும். பிடித்தால் ‘ஹோல்ட்’ போடுவார்கள், அதாவது வேறு யாருக்கும் கொடுக்காதே என்று அர்த்தம். அப்புறம் மாதக்கணக்கில் காக்க வைத்துவிட்டு வேண்டாம் என்றும் சொல்லலாம்.

ஸ்டேபிள்டன் அதில் கில்லாடி. ஜாஷ் டர்னரின் ‘யுவர் மேன்’, கென்னி செஸ்னிக்கு 2007-இல் ஒன்று, டேரியஸ் ரக்கருக்கு ஒன்று, லூக் பிரையனின் ‘டிரிங்க் எ பியர்’, எல்லாமே கன்ட்ரி தரவரிசையில் முதலிடம், எல்லாவற்றிலும் இவர் கை இருக்கிறது. யாருக்கும் காது கேட்காமல் இல்லை, கேட்டவர்களெல்லாம் பாட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். டிம்பர்லேக்கோடு பாடிய அந்த ராத்திரிதான் எல்லாம் என்பதும் சரியில்லை.

இரவு_வானொலி:
மேலே சொன்னது சரி, ஆனால் காசு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2006 முதல் 2022 வரை அமெரிக்காவில் விற்கிற ஒவ்வொரு சிடிக்கும் ஒரு பாட்டுக்கு எழுத்து ராயல்டி 9.1 சென்ட்தான். இரண்டு பேர் சேர்ந்து எழுதி, பப்ளிஷர் பாதியை எடுத்துக்கொண்டால் எழுதியவர் கைக்கு 2.3 சென்ட்கூட வராது. பத்து லட்சம் பிரதி விற்றாலும் 23,000 டாலருக்கும் கீழே, அதிலும் முன்பணம் கழியும். ஆனால் அமெரிக்கச் சட்டப்படி சாதாரண ரேடியோவில் ஒரு பாட்டு ஒலித்தால் பாடகருக்கு ஒன்றும் தர வேண்டியதில்லை, எழுதியவருக்கும் பப்ளிஷருக்கும்தான் தர வேண்டும். அதனால்தான் எல்லோரும் ரேடியோ ஹிட்டுக்கு அடித்துக்கொள்கிறார்கள். நாலைந்து முதலிடப் பாட்டு வைத்திருக்கிற மனிதருக்கு மேடையேறியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

பழைய_கேசட்:
அப்படியானால் பாடவே முயற்சி செய்யவில்லையா?

ஆறுகம்பி:
செய்தாரே. ‘ஸ்டீல்டிரைவர்ஸ்’ என்ற புளூகிராஸ் (பாஞ்சோ, ஃபிடில் மாதிரி கம்பி வாத்தியங்களோடு வரும் கிராமிய இசை) குழுவில் முன்னணிப் பாடகர் இவர்தான், 2008-இல் முதல் ஆல்பம், 2010-இல் விலகினார். அவர்களுடைய ஒரு பாட்டைப் பிரிட்டிஷ் பாடகி அடெலே பாடியிருக்கிறார் என்றால் பாருங்கள். பிறகு ஒரு ராக் குழு. 2013-இல் தன் பெயரில் முதல் சிங்கிள் (தனியாக வெளியிடும் ஒற்றைப் பாட்டு) விட்டார், ரேடியோவில் எடுபடவில்லை, ஆல்பமும் வெளிவரவில்லை. அதே வருஷம் அக்டோபரில் அப்பா போய்விட்டார். மனைவி மோர்கேன் (அவரும் எழுதுபவர்தான்) ஒரு 1979 மாடல் ஜீப்பை வாங்கிக் கொடுக்க, இருவரும் ஃபீனிக்ஸ் போய் அதை நாஷ்வில் வரை ஓட்டிக்கொண்டே வந்தார்கள். ‘டிராவலர்’ பாட்டு அந்த வழியில் எழுதியது.

இரவு_வானொலி:
டிம்பர்லேக் விஷயத்தில் மட்டும் நான் ஆறுகம்பியோடு ஒத்துப்போக மாட்டேன். 2015 மே மாதமே வந்த ஆல்பம், நவம்பர் 4 அன்று கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிஎம்ஏ விருது விழாவில் இருவரும் சேர்ந்து எட்டு நிமிஷம் பாடிய பிறகுதான் அமெரிக்க ஆல்பம் தரவரிசையான பில்போர்டு 200-இல் முதலிடத்துக்குப் போனது. அன்றைக்கே மூன்று விருது, அதில் ஒன்று ‘புதிய கலைஞர்’. 14 வருஷமாக அந்தத் தெருவிலேயே இருந்த ஆளுக்குப் புதியவர் விருது! இதில் இன்னொரு கூத்து, அவரைத் தூக்கிவிட்ட ‘டென்னசி விஸ்கி’ அவர் எழுதியதே இல்லை. டீன் டில்லனும் லிண்டா ஹார்க்ரோவும் எழுதி, 1981-இல் டேவிட் ஆலன் கோ பாடி, 1983-இல் ஜார்ஜ் ஜோன்ஸ் கன்ட்ரி தரவரிசையில் இரண்டாம் இடம் வரை கொண்டுபோன பாட்டு. ஸ்டேபிள்டன் அதை மெதுவாக்கி சோல் (அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உணர்ச்சிமிக்க பாணி) இசைப் பக்கம் இழுத்துவிட்டார்.

ஆறுகம்பி:
ஒத்துப்போகாமல் எங்கே போகப்போகிறீர்கள்? அந்த எட்டு நிமிஷத்தில் டிம்பர்லேக் இருந்ததால் டிவியை மாற்றாமல் பார்த்தவர்கள் இருக்கலாம், ஆனால் அடுத்த நாள் காசு கொடுத்து வாங்கியது இவர் ஆல்பத்தை. அதற்குப் பிறகும் கன்ட்ரி ரேடியோ உடனே ஏற்றுக்கொள்ளவில்லை, இவருடைய ‘புரோக்கன் ஹேலோஸ்’ அங்கே முதலிடம் வந்தது 2018-இல்தான். கேசட் அவர்களே, இவர் எழுதிய ‘ஐதர் வே’ கேளுங்கள். முதலில் 2008-இல் பாடகி லீ ஆன் வோமாக் பாடியதை, பிறகு 2017-இல் இவரே ஒற்றைக் கிட்டாரோடு பாடியதை. எழுதியவரே பாடினால் என்ன ஆகிறது என்று நீங்களே வந்து சொல்லுங்கள்.

பழைய_கேசட்:
இரண்டையும் வரிசையில் போட்டுவிட்டேன். அப்படியே ஸ்டீல்டிரைவர்ஸில் எந்த ஆல்பத்திலிருந்து தொடங்கலாம், 2008-இலிருந்தா?