லேப்டாப்ல இறங்குற பிஓ ஃபைல் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்ல மட்டும் இறங்கல, உதவி ப்ளீஸ்

சுக்குகாப்பி:
வணக்கம் மக்களே, ஜாங்கோல (பைத்தான் வெப் ஃப்ரேம்ஒர்க்) ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட், மொழிபெயர்ப்பு டிரான்ஸிஃபெக்ஸ்ங்கிற ஆன்லைன் மொழிபெயர்ப்புத் தளத்துல நடக்குது. ஒவ்வொரு ரிலீஸுக்கும் யாராவது ஒருத்தர் மொழிபெயர்ப்பு இருக்கிற பிஓ ஃபைலைக் கையால இறக்கி கமிட் பண்ணிட்டிருந்தோம், அந்தத் தொல்லையே வேணாம்னு, வேலைகளைத் தானா ஓட்டுற கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்ல ராத்திரி டிஎக்ஸ் புல் (டிரான்ஸிஃபெக்ஸ்ல இருந்து ஃபைலை இறக்குற கமாண்ட்) ஓடுற மாதிரி வச்சேன். ஜாப் பச்சை டிக்கோட முடியுது, எரர் இல்ல, ஆனா ஒரு ஃபைல் கூட மாறல, எல்லா மொழியையும் ஸ்கிப் பண்ணிட்டுப் போகுது. டோக்கன் தப்புன்னா 401 எரர் (அனுமதி இல்லன்னு) வந்திருக்கணும்ல?

கீபோர்டுகிறுக்கன்:
கான்ஃபிக்ல லேங் மேப் பாத்தீங்களா ப்ரோ, டிரான்ஸிஃபெக்ஸ்ல ஒரு மொழிக் கோட், நம்ம ஃபோல்டர்ல வேற கோட்னு இருக்கும், அதை இணைக்கிறது அதுதான்

சுக்குகாப்பி:
அதே கான்ஃபிக்தான் ப்ரோ, லேப்டாப்ல ஒழுங்கா இறங்குதே

பனங்காட்டுநரி:
டோக்கனும் இல்ல மேப்பும் இல்ல, ஃபைல் தேதிதான் காரணம். டிஎக்ஸ் புல் இறக்குறதுக்கு முன்னாடி நம்ம ஃபைலோட தேதியையும் சர்வர்ல கடைசியா மாறின தேதியையும் ஒப்பிடும், நம்மளது புதுசுன்னா தொடாது, நாம இங்க திருத்தினது அழிஞ்சிடக் கூடாதுன்னு வேணும்னே வச்சதுதான் அது. ஆனா ஆக்‌ஷன்ஸ்ல ஒவ்வொரு தடவையும் புது மெஷின், கிட் கமிட் தேதியை ஃபைல் மேல போடாது, செக்அவுட் ஆன நிமிஷம்தான் எல்லாத்துக்கும் தேதி, அப்புறம் எப்படி சர்வர் ஃபைல் புதுசாகும்? தேதி பாக்காம இறக்குற ஃபோர்ஸ் ஆப்ஷன் போட்டா தீந்துது. இல்ல கமிட் தேதியை வச்சே பாக்கட்டும்னா யூஸ்-கிட்-டைம்ஸ்டாம்ப்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஆனா செக்அவுட் வழக்கமா கடைசி ஒரு கமிட்டைத்தான் எடுக்கும், ஃபெட்ச்-டெப்த் 0 குடுத்து முழு வரலாறையும் எடுக்கலன்னா அதுவும் வேலைக்காகாது. பிஓ ஃபைலை ரெப்போல யாரும் கையால திருத்துறதில்லன்னா ஃபோர்ஸே போதும்ங்க, எதுக்கு வம்பு.

சுக்குகாப்பி:
அண்ணா ஃபோர்ஸ் போட்டேன், எல்லாம் இறங்கிருச்சு, ரொம்ப நன்றி!! ஆனா இப்ப அந்த கமிட்டுக்கு டெஸ்ட் ஓட மாட்டேங்குது, நான் புஷ் பண்ணா ஓடுது

பனங்காட்டுநரி:
ஆக்‌ஷன்ஸ் தானா குடுக்கிற கிட்ஹப் டோக்கன்ல புஷ் பண்ணா இன்னொரு ஒர்க்ஃப்ளோ கிளம்பாது, ஒண்ணு மாத்தி ஒண்ணு ஓடிட்டே இருக்கும்னு அப்படித் தடுத்து வச்சிருக்காங்க. டெப்ளாய் கீ (அந்த ஒரு ரெப்போவுக்கான எஸ்எஸ்எச் சாவி) வச்சு புஷ் பண்ணலாம். எதுவா இருந்தாலும் கமிட்டுக்கு முன்னாடி அதே ஜாப்ல கம்பைல்மெசேஜஸ் (பிஓ ஃபைலைச் சரிபாத்து கம்பைல் பண்ற ஜாங்கோ கமாண்ட்) ஓட விடுங்க, அதுக்கு கெட்டெக்ஸ்ட்ங்கிற டூல் இன்ஸ்டால் ஆகியிருக்கணும். பர்சென்ட் போட்டு அடைப்புக்குள்ள வர்ற வேரியபிள் பேரையும் சேத்து சிலர் மொழிபெயர்த்துடுவாங்க, எங்க டீம்ல இது அடிக்கடி நடக்கும், அங்கேயே சிவப்பு காட்டி நிறுத்திரும்.

கீபோர்டுகிறுக்கன்:
பப்ளிக் ரெப்போதானே? 60 நாள் எந்த அசைவும் இல்லன்னா ஷெட்யூல் தானா நின்னுரும், ஆக்‌ஷன்ஸ் டேப்ல போய் திரும்ப எனேபிள் பண்ணணும்