-30இல் ஸ்கீ மலைக்குப் போனவர்கள் உண்டா?

கால்கரி கணக்கன்:
2024 ஜனவரி. மின்சாரத்தைக் குறையுங்கள் என்று இங்கே கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணம் முழுக்க எல்லார் போனும் அலறியதே, அதற்கு இரண்டு நாள் முன்னால் பான்ஃப் பக்கம் ஒரு மலைக்குப் போனோம். டிக்கெட் வாங்கியாயிற்று, காசு வீணாகுமே என்ற கணக்குதான். காலையில் பார்க்கிங்கில் -31. நாற்காலி லிஃப்ட் பாதி வழியில் நின்றது. யாராவது இறங்குமிடத்தில் விழுந்திருப்பார்கள், வழக்கம்தான். ஆனால் காற்று நேராக முகத்தில். பக்கத்தில் நண்பன். அவன் காகிள்ஸுக்கும் மஃப்ளருக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்குத் தோல் தெரிந்தது. அதில் பத்து சென்ட் காசு அளவுக்கு வெள்ளையாக ஏதோ. பனித்தூள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலே இறங்கி, தட்டிவிடலாம் என்று விரலை வைத்தால் மெழுகு மாதிரி கெட்டியாக இருக்கிறது. "என்னடா பாக்குற?" என்று சிரிக்கிறான். அவனுக்கு வலியே இல்லை. இப்போதும் குளிர் ஆரம்பித்தால் அந்த இடம்தான் முதலில் சிவக்கும்.

எட்மன்டன் சித்தப்பா:
தம்பி, -31 என்பது தெர்மாமீட்டரா, விண்ட் சில்லா, அதாவது காற்றோடு சேர்த்துத் தோல் உணரும் குளிரா? எல்லாரும் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். விண்ட் சில் -28 முதல் -39 வரை என்றால் திறந்த தோல் உறைய 10 முதல் 30 நிமிடம். -40ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம்தான். பத்து நிமிடம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று. மலையில் ஏற ஏறக் குளிரும் என்பது அந்த வாரத்துக்குப் பொருந்தாது. ஆர்க்டிக் காற்று கனமானது, பள்ளத்தாக்கில் போய்த் தேங்கும். உச்சியில் பத்து டிகிரி குளிர் குறைவாகக்கூட இருக்கும். ஆக உங்களைக் கடித்தது உயரம் இல்லை, காற்று. சரி, அடுத்த முறைக்குச் சொல்கிறேன். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கம்பளி போடுங்கள். இரண்டு சாக்ஸ் போடாதீர்கள், பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் குறையும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும், அவரவர் கன்னம் அவரவருக்குத் தெரியாது. வெளுத்த இடத்தைத் தேய்க்கவே கூடாது, உள்ளே சதை கிழியும். உள்ளே போய் வெதுவெதுப்பான நீர், 37 முதல் 39 டிகிரி. திரும்பவும் குளிரில் நிற்க வேண்டியிருந்தால் அதுவும் வேண்டாம், கரைந்தது மறுபடி உறைந்தால் இன்னும் மோசம். எனக்கு ஒரு தடவை காது. அவ்வளவுதான்.

மொன்றியல் மருமகள்:
மாமியை மொன்-ரெம்பிளான் ஸ்கீ மலைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அவ ஸ்கீ செய்யவில்லை, அடிவாரத்தில் நின்று பேரனைப் பார்த்துக்கொண்டிருந்தா. மூக்கை மூடச் சொன்னால் மூச்சு முட்டுது என்றா. கொஞ்ச நேரத்தில் மூக்குத்தியைச் சுற்றி வட்டமாக வெளுத்துப் போயிற்று. வாஷ்ரூமுக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். திருகு அசையவில்லை, என் விரலில் உணர்ச்சியே இல்லை. "கலியாணத்துக்குப் பிறகு கழற்றேல்லை" என்று அவ அழுகிறா. கை கழுவிக்கொண்டிருந்த ஒரு வயதான பிரெஞ்சுக்காரி, ஒன்றும் கேட்காமல், இரண்டு கையாலும் மாமியின் மூக்கைப் பொத்தி வாயால் ஊதத் தொடங்கினா. நான் நன்றி சொல்லக்கூட மறந்துபோனேன். மாமி இன்றைக்கும் அந்த மனுசியைப் பற்றித்தான் கதைப்பா. மலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கோவை பைக்கர்:
நீங்கள் எல்லாம் -31 என்கிறீர்கள், நான் காஷ்மீர் குல்மார்க்கில் -14க்கே முடிந்தேன். சில்லை கலான், அந்த நாற்பது நாள் கடுங்குளிர். கொண்டோலா கேபிள் காரில் அபர்வத் மலைக்குப் போய், ஏறத்தாழ 3,980 மீட்டர், அரை மணி நேரம் வீடியோ எடுத்துவிட்டு இறங்கினால் 60 சதவீதம் இருந்த போன் செத்துவிட்டது. வாடகை பூட்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டும், கையில் ஜிபே மட்டும்தான். கடைக்காரர் பேசாமல் போனை வாங்கி, ஃபெரன் என்கிற நீள அங்கிக்குள் வைத்திருந்த காங்கிடி மேல் காட்டினார். தணல் சட்டி! கறிக்குழம்பு வைக்கிற மாதிரி திருப்பித் திருப்பிக் காட்டுகிறார். நான் பதறுகிறேன். திறந்தால் 41 சதவீதம். சித்தப்பா, இதைச் செய்யாதீர்கள் என்று எழுத வராதீர்கள், தெரியும்.

கால்கரி கணக்கன்:
சித்தப்பா, தெர்மாமீட்டர்தான், காரில் காட்டியது. விண்ட் சில் எவ்வளவு என்று பார்க்கவில்லை.
தேய்க்கக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்களே. நான் தேய்த்தேன். கையுறையைக் கழற்றிவிட்டு, நன்றாக அழுத்தி.