எட்ஜ்ஃபீல்ட் பிரேத விசாரணைத் தாள்கள்: எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது?

கரிசல்வாசி:
அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்து எட்ஜ்ஃபீல்ட் கவுன்டி பற்றிப் பேச்சு வந்தாலே பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கரோனர் (சந்தேக மரணங்களை விசாரிக்கும் உள்ளூர் அதிகாரி) விசாரணைத் தாள்களை எடுத்துவைத்துக் கொலை, தற்கொலை, விபத்து என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள் (1868 வரை அது ‘டிஸ்ட்ரிக்ட்’, தேடும்போது இரண்டு பெயரிலும் தேட வேண்டும்). இந்தக் கணக்கே தப்பு என்பது என் வாதம்.

அன்றைய கரோனருக்கு மருத்துவம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. விசாரணைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குகிறவர். ஜூரி என்பது அக்கம்பக்கத்து ஆண்கள், 12 பேர் அல்லது கொஞ்சம் கூட. செத்தவனுக்கும் சந்தேகிக்கப்படுகிறவனுக்கும் ஏதோ ஒரு வகையில் உறவோ கடனோ உள்ளவர்கள். 1856-இல் அமெரிக்க செனட் அவைக்குள்ளேயே அடிமை முறையை எதிர்த்த செனட்டர் சம்னரைத் தடியால் அடித்து வீழ்த்திய பிரெஸ்டன் புரூக்ஸ் இந்த ஊர்க்காரர். அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய ஊரில், கௌரவத்துக்காகச் சுட்டவனைப் பன்னிரண்டு அயலார் எப்படிக் கொலைகாரன் என்று எழுதுவார்கள்? அந்த நூற்றாண்டின் கடைசியில் கும்பல் கொலைகளுக்கு ‘அடையாளம் தெரியாத நபர்களின் கையால்’ என்று ஒரே வரி. கொன்றவர்களை ஊரே அறியும்.

தாள்புழு:
நண்பரே, நீங்கள் திட்டுவது தீர்ப்பு வரியை. தாள் அந்த ஒரு வரியோடு முடியவில்லை.

ஒரு விசாரணைக் கட்டு மூன்றாக மடித்திருக்கும். வெளி மடிப்பில் பெயர், தேதி, ‘அரசு எதிர் இன்னாரின் சடலம்’ என்ற குறிப்பு. உள்ளே முதல் தாள் வாய்பாடு: யார், எங்கே, எப்போது, எப்படி, எதனால் இறந்தார் என்று ஜூரி ஆணையிட்டுச் சொல்கிறது. இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வந்த அச்சு அது, பெயரும் காயமும்தான் மாறும். அடுத்த தாள்களில் சாட்சி வாக்குமூலங்கள். கடைசியில் ஜூரிகளின் கையெழுத்து. எழுதத் தெரியாதவர் பெயருக்கு நடுவே ஒரு பெருக்கல் குறி.

வாக்குமூலத்தில்தான் விஷயம் இருக்கிறது. எத்தனை மணிக்கு வெடிச்சத்தம், யார் வேலி தாண்டினார், சாராயம் எங்கே வாங்கியது, பருத்திப் பங்கில் என்ன தகராறு. ஊர்க்கோடியில் வாழ்ந்து எழுத்தறியாமல் போன ஒருவரின் பேச்சு வேறு எந்தப் பதிவிலும் கிடைக்காது.

விசாரணை எப்போதும் பூசி மெழுகியது என்பதும் சரியில்லை. 1876 ஜூலை 8, ஹாம்பர்க். அது முன்பு எட்ஜ்ஃபீல்டோடு இருந்து 1871-இல் ஏகன் கவுன்டிக்குப் போன ஊர். வெள்ளையர் கும்பல் கறுப்பர் படைப்பிரிவைத் தாக்கிப் பிடித்து, பிடிபட்டவர்களில் சிலரைப் பெயர் சொல்லி ஒவ்வொருவராக வெளியே இழுத்துச் சுட்டார்கள். கறுப்பர்கள் ஆறு பேர், வெள்ளையர் ஒருவர் இறந்தனர். கரோனர் பொறுப்பில் விசாரித்தவர் நீதிபதி பிரின்ஸ் ரிவர்ஸ், முன்னாள் அடிமை, உள்நாட்டுப் போரில் வடக்கின் ஒன்றியப் படையில் சார்ஜன்டாக இருந்தவர். அந்த ஜூரி எட்ஜ்ஃபீல்ட் வழக்கறிஞர் மேத்யூ பட்லர் உட்பட 94 வெள்ளையர்களைப் பெயரோடு குற்றஞ்சாட்டியது. தாளில் பெயர் இருக்கிறது. வழக்கு நடத்தாமல் விட்டது அதற்கு மேலே இருந்தவர்கள். பட்லர் அடுத்த ஆண்டே அமெரிக்க செனட்டில் உட்கார்ந்தார்.

கரிசல்வாசி:
ஹாம்பர்க்கை எதிர்பார்த்தேன். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தில் ஒரு கறுப்பர் நீதிபதி நாற்காலியில் இருந்ததால் வந்த தாள் அது. அதற்கு முன்னும் பின்னும் பாருங்கள்.

தென் கரோலினாவின் 1740 அடிமைச் சட்டப்படி, அடிமை ஒருவர் இறந்த இடத்தில் வேறு வெள்ளையர் யாரும் இல்லையென்றால், குற்றஞ்சாட்டப்பட்ட எஜமானன் தானே சத்தியம் செய்து தப்பிக்கலாம். 1821-இல்தான் அடிமையைத் திட்டமிட்டுக் கொல்வது மரண தண்டனைக் குற்றமானது. அப்போதும் ‘திடீர்க் கோபத்தில்’ கொன்றால் அதிகபட்சம் 500 டாலர் அபராதம், ஆறு மாதச் சிறை. ஆக ஜூரி எழுதும் இரண்டு வார்த்தையில்தான் தூக்கா அபராதமா என்பது தொங்குகிறது. வெள்ளையருக்கு எதிராக அடிமையின் சாட்சி நீதிமன்றத்தில் செல்லாது. கண்ணால் பார்த்த நாற்பது பேர் வயலில் நின்றிருக்கலாம், சட்டத்தின் கண்ணில் சாட்சியே கிடையாது.

தாள்புழு:
சட்டம் நீங்கள் சொல்வதுதான். ஆனாலும் அடிமைகளின் மரணத்துக்கு விசாரணைகள் நடந்தன, தாள்கள் இருக்கின்றன. ஏன் நடந்தன? எஜமானனுக்குப் பணக்கணக்கு. வாடகைக்கு விட்ட அடிமை இறந்தால், வாடகைக்கு எடுத்தவனிடம் நஷ்டஈடு கேட்க ஆதாரம் வேண்டும். நோக்கம் கேவலமானது. அதனாலேயே காயத்தின் நீளம், எண்ணிக்கை, எந்தக் கயிறு, எந்தச் சாட்டை என்று கவனமாக எழுதி வைத்தார்கள். அதை நாம் இன்று வேறு நோக்கத்தோடு வாசிக்கலாம்.

நாடிபிடிப்பவர்:
இரண்டு பேரும் சட்டத்தையே பேசுகிறீர்கள். என் சண்டை இருவரோடும். இந்தத் தாள்களின் மருத்துவம் பல இடங்களில் நிற்காது.

முதலில் குழந்தை மரணம். ‘தாய் உறக்கத்தில் புரண்டு நசுக்கினாள்’ என்பது அடிமைக் குடிசைகளிலிருந்து வரும் வழக்கமான முடிவு. அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று நாம் திடீர் சிசு மரணம் என்று சொல்வதால் இறந்திருக்கலாம் என்று வரலாற்றாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கர்ப்பத்தில் கடைசிவரை வயல்வேலை, எடை குறைந்த பிரசவம், குளிர்காலக் குடிசை. பழி தாயின் தலையில் விழுந்தது. இதை ‘கவனக்குறைவு’ என்று அட்டவணையில் ஏற்றினால் அந்தப் பொய்யை இன்னொரு முறை சொல்கிறோம்.

சிசுக்கொலை வழக்கில் நுரையீரல் மிதப்புச் சோதனை. இதயத்தோடு சேர்த்து நுரையீரலை வெட்டியெடுத்துத் தண்ணீரில் போடுவார்கள். பிறகு தனித்தனியாக, அப்புறம் துண்டுதுண்டாக நறுக்கி, பிழிந்து, மறுபடி. மிதந்தால் குழந்தை மூச்சு விட்டிருக்கிறது, உயிரோடு பிறந்தது என்பார்கள். மருத்துவர் வில்லியம் ஹண்டர் 1783-லேயே எச்சரித்தார். அழுகல் வாயு நிறைந்தால் மூச்சே விடாத நுரையீரலும் மிதக்கும். யாராவது வாயில் ஊதியிருந்தாலும் மிதக்கும். சற்றே மூச்சு வாங்கி இறந்ததோ மூழ்கலாம். கல்லீரல் துண்டு ஒன்றையும் அதே தண்ணீரில் போட்டுப் பார்த்தால் அழுகல் தெரிந்துவிடும். ஈரலும் மிதக்கிறதென்றால் சோதனை செல்லாது. வாக்குமூலத்தில் ‘மிதந்தது’ என்று மட்டும் எழுதி ஈரலைப் பற்றி எதுவும் இல்லையென்றால், ஜூலை வெயிலில் இரண்டு நாள் கழித்துத் தோண்டியெடுத்த உடல் என்றால், அந்தச் சொல்லுக்கு மதிப்பு கிடையாது.

விஷமும் அப்படியே. ஆர்சனிக் எலி மருந்தாக எங்கும் கிடைத்தது. அதைக் கண்டறியும் மார்ஷ் சோதனை 1836-இலிருந்து இருக்கிறது: சந்தேகப் பொருளோடு துத்தநாகமும் கந்தக அமிலமும் சேர்த்து, வரும் வாயுவை எரித்து, சுடரில் குளிர்ந்த பீங்கானைக் காட்டினால் கறுப்புப் படலம். ஆன்டிமனி என்ற தனிமமும் அதே மாதிரி படலம் தரும். வாந்தி மருந்தாக நோயாளிக்குக் கொடுத்ததே ஆன்டிமனி உப்புதான்! சந்தையில் வாங்கிய துத்தநாகத்திலேயே ஆர்சனிக் கலந்திருக்கும். துத்தநாகத்தையும் அமிலத்தையும் மட்டும் வைத்து ஒரு வெற்றுச் சோதனை ஓட்டாத முடிவைக் கொண்டு ஒரு சமையல்காரியைத் தூக்கில் போடலாமா?

தாள்புழு:
குழந்தை விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். அந்த முடிவுகளை எண்ணிக்கையில் சேர்ப்பதை நான் விட்டுவிட்டேன்.

துப்பாக்கிக் காயத்தில் மட்டும் விடமாட்டேன். அது கரும்பொடி வெடிமருந்துக் காலம். அருகிலிருந்து சுட்டால் சட்டை கருகும், எரியாத பொடித் துகள் தோலில் புள்ளிபுள்ளியாகப் பதியும், தள்ளிப்போகப் போகப் புள்ளிகள் பரவி மறையும். ஜூரியில் இருந்தவர்கள் தினமும் வேட்டைத் துப்பாக்கி பிடித்தவர்கள், எத்தனை கஜம் என்று சொல்லத் தெரிந்தவர்கள். ‘தற்காப்புக்காகச் சுட்டேன், அவன் கத்தியோடு பாய்ந்தான்’ என்று ஒருவன் சொல்கிறான். டாக்டர் வாக்குமூலம் குண்டு முதுகில் நுழைந்தது, சட்டையில் கருகல் இல்லை என்கிறது. கதவுப்பலகையில் கிடத்திய உடலின் மேல் விரல் விட்டுப் பார்த்து எழுதிய நாலு வரி அது. தீர்ப்பு தற்காப்பு என்றே வரட்டும், நாலு வரி பொய்யை உடைக்கிறது. இது போதாதா?

கரிசல்வாசி:
உடல் இருந்தால்தானே அந்த நாலு வரி! சடலத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் விசாரணை நடத்த அதிகாரம், அது பழைய விதி. உடல் கிடைக்கவில்லையென்றால் தாளே பிறக்காது. சவன்னா ஆற்றில் தூக்கிப் போட்டால் ஜார்ஜியாக் கரையில் ஒதுங்கும், அங்கே வேறு மாநிலம், வேறு கரோனர். சதுப்பில் புதைத்தால் ஒன்றுமில்லை. கட்டுகளில் இருக்கும் தாள்களைக் கூட்டிக் கிடைப்பது வன்முறையின் அளவு அல்ல. யாருடைய சாவை விசாரிக்கத் தகுந்தது என்று அந்த ஊர் நினைத்தது என்பதன் அளவு.

தாள்புழு:
அந்த இடைவெளியை ஒத்துக்கொள்கிறேன். அதற்காக ‘அடையாளம் தெரியாத நபர்கள்’ தாளைக் கிழிக்க வேண்டாம். 1895 மாநில அரசமைப்பு, கும்பல் கொலை நடந்த கவுன்டி இறந்தவரின் சட்டப்பூர்வப் பிரதிநிதிகளுக்கு 2,000 டாலருக்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. கொன்றவன் பெயர் தேவையில்லை, கும்பல் கொன்றது என்று நிரூபித்தால் போதும். பெயர் இல்லாத அந்தத் தீர்ப்பு, மனைவி வழக்குப் போட ஆதாரமாகலாம்.

கரிசல்வாசி:
அந்த 2,000 டாலரைக் கட்டப்போவது கவுன்டியின் வரிப்பணம், ஜூரி அந்த வரி கட்டுகிறவர்கள். ‘கும்பல்’ என்ற சொல் தீர்ப்பில் இருக்கிறதா, ‘துப்பாக்கிக் காயத்தால்’ என்று மட்டும் நிற்கிறதா என்று 1895-க்கு முன்னும் பின்னும் பிரித்துப் பாருங்கள். அதைப் பார்க்காமல் எண்ணிக்கை தந்தால் நான் ஏற்கமாட்டேன்.

நாடிபிடிப்பவர்:
அப்படிப் பிரிக்கும்போது அட்டவணையில் மூன்று பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள்: இறந்த நாளுக்கும் பார்த்த நாளுக்கும் இடையே எத்தனை நாள், மருத்துவர் வந்தாரா, உடலைத் திறந்தாரா அல்லது வெளியே மட்டும் பார்த்தாரா. ‘கடவுளின் செயல்’ என்று முடித்த தாள்களில் மூன்றாவது பத்தியை முதலில் நிரப்புங்கள்.