கிரானோவெட்டரின் 1978 மாதிரி: ஒரே எண்களுக்கு விடை ஏன் மாறுகிறது?

கேள்வி:
சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டரின் த்ரெஷோல்ட் மாதிரியை (கலவரத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவர் இறங்குவதைக் கணக்கிடுவது) எம்.ஏ. வகுப்புக்காகக் கணினியில் ஓட்டுகிறோம். 100 பேர், அவர்களின் த்ரெஷோல்டுக்குச் சராசரி 25, திட்டவிலக்கம் (சராசரியைச் சுற்றிய பரவலின் அளவு) 12.2. கட்டுரைப்படி கலவரம் சுமார் 6 பேரோடு நிற்க வேண்டும். ஆனால் ஒரு முறை 0, ஒரு முறை 4, அடுத்த முறை கிட்டத்தட்ட 100 வருகிறது. நிரலில் பிழையா? வாட்ஸப் காலத்துக்கும் இது பொருந்துமா?

பதில் 1:
நிரல் சரிதான், ஆள்தான் போதாது. த்ரெஷோல்ட் என்பது 'எத்தனை பேர் இறங்கினால் நானும் இறங்குவேன்' என்ற எண். அது 0 அல்லது அதற்குக் கீழ் உள்ளவர்களே தொடங்கி வைப்பவர்கள். உங்கள் எண்களுக்கு அவர்கள் 2 சதவீதம். 100 பேரைக் குலுக்கி எடுத்தால் சுமார் 13 சதவீத ஓட்டங்களில் ஒருவர்கூட அகப்பட மாட்டார், அதனால்தான் அந்த 0. மேலும் திட்டவிலக்கம் 12.2 என்பதே விளிம்பு. அதைத் தாண்டியதும் விடை 6-லிருந்து ஏறக்குறைய 100-க்குத் தாவிவிடும்.

ஒரு லட்சம் பேரை வைத்து, எண்ணிக்கைக்குப் பதில் விகிதத்தில் (0.25, 0.122) ஓட்டுங்கள். 100 பேர்தான் வேண்டுமென்றால் ஆயிரம் முறை ஓட்டி, விடைகளின் பரவலை வரையுங்கள். சராசரி மட்டும் எடுக்காதீர்கள்: 5-ஐயும் 100-ஐயும் கூட்டி வகுத்தால் எந்த ஓட்டத்திலும் வராத ஓர் எண்தான் கிடைக்கும்.

மாணவர்களுக்கு முதலில் நூறு பேரின் த்ரெஷோல்ட் 0, 1, 2 … 99 என்று இருக்கும் வரிசையைக் காட்டுங்கள். நூறு பேரும் இறங்குவார்கள். அதில் 1-ஐ 2 ஆக்கினால் ஒரே ஆளோடு முடிந்துவிடும். கூட்டத்தின் மனநிலை துளியும் மாறவில்லை!

பதில் 2:
எல்லோரும் மொத்த எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள் என்பது மூல மாதிரியின் அனுமானம். லைக் எண்ணிக்கை தெரியும் பதிவுக்கு அது நன்றாகவே பொருந்தும். வாட்ஸப் குழுவில் அவரவர் வட்டம்தான் தெரியும். அங்கே சமூகவியலாளர் டங்கன் வாட்ஸ் (2002) செய்ததுபோல், அவரவர் அண்டையாரில் எத்தனை பங்கு பேர் இறங்கிவிட்டார்கள் என்ற விகிதத்தை எடுக்க வேண்டும். சமூகவியலாளர்கள் சென்டோலாவும் மேசியும் (2007) காட்டியது இன்னும் முக்கியம்: செய்தி பரவ ஒரு தூரத்து அறிமுகம் போதும், ஆபத்தான செயலில் இறங்கப் பல பக்கத்திலிருந்தும் உறுதி வேண்டும்.

பதில் 3:
உண்மைத் தரவுக்குப் போகும்போது ஓர் எச்சரிக்கை. கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் திங்கள்தோறும் நடந்த அரசு எதிர்ப்புப் போராட்டத்தில் 1989 அக்டோபர் 9 அன்று சுமார் 70,000 பேர் திரண்டார்கள், அடுத்த திங்களன்று ஒரு லட்சத்துக்கு மேல். புதிதாக வந்தவரின் த்ரெஷோல்ட் 70,000 என்று எழுதிவிடாதீர்கள். 9-ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடக்கவில்லை. அதைப் பார்த்ததும் பலருக்கு த்ரெஷோல்டே இறங்கியிருக்கும். வாரத்துக்கு ஒரு த்ரெஷோல்ட் பரவல் வளைவு தனியாக வரையுங்கள்.