சனிப்பெயர்ச்சி இந்த மாதமா, அடுத்த வருடமா?

குத்தாலம் டீச்சர் (மார்ச் 2025):

என் மாமியாருக்கு மகர ராசி. 2017 டிசம்பரில் ஏழரைச் சனி பிடித்தது என்பது அவர் கணக்கு. மறு வருடமே கஜா புயலில் பட்டுக்கோட்டைப் பக்கம் அவர் பிறந்த வீட்டுத் தென்னை அத்தனையும் சாய்ந்தது. பிறகு மாமா போனார். பிறகு முழங்கால். எல்லாவற்றையும் சனியின் பற்றில் எழுதி வைத்திருக்கிறார். மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருடமாகிறது; "சனி விடட்டும்" என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

திருக்கணிதப் பஞ்சாங்கப்படி வருகிற 29ஆம் தேதி சனி மீனத்துக்குப் போகிறது, மகரத்துக்கு ஏழரை முடிகிறது; திருநள்ளாற்றுச் சனீஸ்வரர் கோயிலின் நளதீர்த்தக் குளத்தில் முழுகிவிட்டு வந்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஒருவழியாக இறங்கி வந்திருந்தார். இப்போது திருநள்ளாற்றில் அறிவித்துவிட்டார்கள்: கோயில் வாக்கியப் பஞ்சாங்கப்படி நடப்பதால் பெயர்ச்சி 2026இல்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர் இன்னும் ஒரு வருடம் காத்திருக்கத் தயாராகிவிட்டார்.

நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். வானத்தில் இருப்பது ஒரே சனி, தேதி எப்படி இரண்டு? "திருக்கணிதம்தான் சரி அத்தை, உங்களுக்கு விட்டுவிட்டது" என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. சொன்னால் சனி ஆளைப் பிடிக்கும் என்று நானே ஒப்புக்கொண்டது போல் ஆகாதா?

பேரளத்தான்:

அவர் நம்பிக்கையில் கை வைக்காதீர்கள் அம்மா. செயற்கைக்கோளே திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது மூன்று விநாடி நின்றுவிட்டுத்தான் போகிறதாம். நாசாவே திகைத்துவிட்டது.

கும்பகோணம் கணக்கு வாத்தியார் (ஓய்வு):

அந்தச் செய்தி எனக்கும் வாட்ஸ்அப்பில் வருடத்துக்கு நான்கு தடவை வருகிறது. தாழ்வான பாதையில் சுற்றுகிற செயற்கைக்கோள் விநாடிக்குச் சுமார் ஏழரை கிலோமீட்டர் ஓடுகிறது (ஏழரை தற்செயல்). நின்றால் விழுந்துவிடும். நிற்பது போல் தெரிகிற ரகம் பூமத்திய ரேகைக்கு நேர் மேலேதான் இருக்க முடியும். திருநள்ளாறு அதற்கு 11 பாகை வடக்கே. சனீஸ்வரருக்கு நாசாவின் சான்றிதழ் எதற்கு?

டீச்சருக்கு: வாக்கியம் என்பது கிரக நிலைகளை எழுத்துகளாக மாற்றி மனப்பாடம் செய்துகொள்ளும் பழைய முறை. கேலி செய்ய வேண்டாம். 1825இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழி பரப்பி, மனப்பாட எண்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்ததை வானியலாளர் ஜான் வாரன் பதிந்திருக்கிறார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். முடிவில் 52. ஆனால் பழைய எண்களில் இருக்கும் சிறு பிழை நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். சனி ஒரு நாளைக்குச் சராசரியாக இரண்டு கலைதான் (ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) நகர்கிறது. ஒரு பாகை தவறினால் ஒரு மாதம் போயிற்று. வானத்தைப் பார்த்துத் திருத்தியது திருக்கணிதம். அதற்காக வாதாடிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி பஞ்சாங்கக்காரர் குடும்பத்தில் பிறந்து சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்தவர்.

ஆக, சனி எங்கே நிற்கிறது என்று கேட்டால் திருக்கணிதம். முழங்காலை அது என்ன செய்கிறது என்பதற்கு இரண்டிலும் பதில் இல்லை. சரியான தேதியைக் காட்டி அத்தையை அழைத்துப் போகாதீர்கள். அடுத்த தடவையும் நீங்களே பஞ்சாங்கம் புரட்ட வேண்டி வரும். எக்ஸ்ரேயைக் காட்டுங்கள்.

இன்னொன்று. 2017 டிசம்பர் வாக்கியத் தேதி. திருக்கணிதத்தில் அது அக்டோபர். உங்கள் மாமியார் வாக்கியத்தில் நுழைந்து திருக்கணிதத்தில் வெளியே வரப் பார்க்கிறார். வாக்கியத்திலேயே போனால் அவருடைய ஏழரை எட்டு வருடத்தைத் தாண்டுகிறது.

குத்தாலம் டீச்சர்:

கடைசிப் பத்தியை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "இதிலும் கலப்படம் செய்துவிட்டேனா?" என்று சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். சற்று நேரம் கழித்து, "வாக்கியத்தில் வந்தவர் வாக்கியத்திலேயே போகட்டும், அடுத்த வருடம் முழுகிக்கொள்கிறேன்" என்றார். அப்போதுதான் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு எலும்பும் ஒட்டிக்கொண்டு கிடந்ததைப் பார்த்து, "நடுவில் ஒன்றுமே இல்லையே" என்றார். "அது தேய்ந்துபோயிற்று அத்தை. எழுபத்தொரு வயது, நாற்றங்காலிலும் நடவிலும் குனிந்த உடம்பு."

சித்திரையில் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அறுவைச் சிகிச்சை. ஒப்புக்கொண்டுவிட்டார். திங்களன்று ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது. ஒன்பதேகாலுக்கு மாற்றித் தர முடியுமா என்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தவள் நான்தான். வாத்தியார் ஐயா திட்ட வேண்டாம்.