ஹம்டொக் கடற்கரையில் கறுப்புப் பன்றிக் கறி

தென் கொரியாவின் உல்சான் நகரில் வேலை பார்க்கும் அண்ணனும் அண்ணியும் என்னை அந்த நாட்டின் ஜேஜூ தீவுக்குக் கூட்டிப் போனார்கள். தங்கியது ஹம்டொக் கடற்கரையில். ராத்திரி சாப்பாட்டுக்குக் கூட்டம் வழிந்த பெரிய கடைகளை விட்டுவிட்டு, அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தோம். கடையை நடத்துவது ஒரு குடும்பம்: அப்பா கரி மூட்டுகிறார், அம்மா சமையல்கட்டில், மகள் மேசை மேசையாக ஓடுகிறாள்.

இங்கே கறி எடைக் கணக்கில்தான். 600 கிராமுக்குக் குறைந்து தர மாட்டோம் என்றார்கள். தனியாகப் போகிறவர்கள் கவனிக்கவும், கொரியாவில் பல கறிக்கடைகளில் இரண்டு பேர் அளவாவது வாங்கியாக வேண்டும்.

வந்தது இரண்டு விரல் தடிமனில், தோலோடு. தோலில் அங்கங்கே கறுப்பு மயிர்க்கால். அண்ணி முகம் சுளித்தார். கறுப்புப் பன்றிக்கு அதுதான் அடையாளம் என்று மகள் சிரித்தாள். ஆனால் தூய ஜேஜூ இனத்தை 2015-இல் கொரிய அரசு பாதுகாக்க வேண்டிய இயற்கை நினைவுச்சின்னமாக அறிவித்துவிட்டது, கடைத் தட்டுக்கு வருவது கலப்பினம். அந்தக் காலத்தில் இந்தப் பன்றிகளைக் கழிப்பறைக்குக் கீழே கல்சுவர் கட்டி வளர்த்தார்கள் என்ற கதையை அண்ணன் சரியாக அந்த நேரம் பார்த்து எடுத்தார். இப்போது எல்லாம் பண்ணைதான், பயப்பட வேண்டாம்.

அண்ணன் இடுக்கியை எடுத்ததும் கடைக்கார அப்பா வாங்கிக்கொண்டார். நல்லதாகப் போயிற்று. அவ்வளவு தடிமன் கறி நம் கையில் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருந்திருக்கும். அவர் துண்டை ஒவ்வொரு பக்கமாக நிறுத்திச் சிவக்க விட்டு, கத்தரிக்கோலால் வெட்டி, வெட்டிய முகங்களை மறுபடி சுட்டார். அவர் தலையாட்டும் வரை கிம்ச்சியை, அதாவது காரம் போட்டுப் புளிக்க வைத்த முட்டைக்கோஸை, கொறித்துக்கொண்டிருந்தோம். கிம்ச்சி, கீரை எல்லாம் கேட்கக் கேட்கத் தருவார்கள், காசு கிடையாது.

இனி மெல்ஜொத். ஜேஜூவில் இதை விட்டுவிட்டுக் கறியை மட்டும் தின்று வருவது பாதிச் சாப்பாடு என்பேன். உப்பில் ஊறிப் புளித்த நெத்திலியைப் பூண்டு, பச்சைமிளகாய், கொஞ்சம் சோஜு என்ற கொரிய மதுவோடு சின்னக் கிண்ணத்தில் கறி வேகும் வலை மேலேயே கொதிக்க வைக்கிறார்கள். வாசனை நம்ம வீட்டுக் கருவாட்டுக் குழம்புக்கு அண்ணன் தம்பி. கறியை அதில் முக்கி, வாசனையான பெரில்லா இலையில் பூண்டோடு மடித்து ஒரே வாயில் போட வேண்டும், கடித்து வைத்தால் அவிழ்ந்துவிடும். கொழுப்பின் திகட்டலை அந்த உப்பும் காரமும் வெட்டிவிடுகிறது. முகம் சுளித்த அண்ணி இரண்டாவது வாய்க்கே கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்!

கடைசியில் துவென்ஜாங் என்ற புளித்த சோயா விழுதில் வைத்த குழம்பும் சோறும். சுமார்தான், உப்பு தூக்கல். டிப் வைக்கும் பழக்கம் அங்கே இல்லை.

போகிறவர்கள் சீக்கிரம் போங்கள். நாங்கள் கிளம்பும்போது உள்ளே வந்த ஒரு குடும்பத்தைக் கறி தீர்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள்.